வீட்டு ரொட்டி இயந்திரத்தின் வரலாறு

வீட்டு ரொட்டி இயந்திரம் என்பது மாவைப் பிசைதல், பிசைந்த மாவை நொதிக்க விடுதல், அதைச் சுடுதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே பாத்திரத்தில் தானாகச் செய்து முடிக்கும் மின்கருவி ஆகும். அளந்த மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றை உள்ளே இட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் சுட்ட ரொட்டி கிடைக்கும். இங்கு ரொட்டி என்று குறிப்பிடப்படுவது தமிழ்நாட்டில் பிரெட் என்றும் இலங்கையில் பாண் என்றும் வழங்கும் உப்பிய கோதுமை ரொட்டியே. சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டி அன்று.

1987-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் இயந்திரமே இக்கருவியைப் பரவலாக்கியது. பெரிய நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் ஒரு ரொட்டிக் கலைஞரின் கைவேலையைக் கற்று உருவாக்கிய அதன் கதை, மேலாண்மைப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. அந்த இயந்திரத்தின் விலை எவ்வாறு குறைந்தது என்பதும், குறைந்த விலை இயந்திரம் எந்த வேலையைப் பயன்படுத்துபவரின் கையில் விட்டது என்பதும் அதே கதையின் பகுதிகள்.

பாணும் பானும்

ஜப்பானிய மொழியில் ரொட்டிக்குப் பெயர் பான். இலங்கைத் தமிழில் பாண். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் ஜப்பானுக்கும் வந்த போர்த்துக்கேயர் தம் மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லை இரு நாடுகளிலும் விட்டுச் சென்றனர்.

சொல் நிலைத்தாலும், சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட ஜப்பானில் ரொட்டி நெடுங்காலம் அரிய பண்டமாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலவிய உணவுத் தட்டுப்பாட்டின்போது அமெரிக்கக் கோதுமை பெருமளவில் வந்தது. பள்ளி மதிய உணவில் ரொட்டி வழங்கப்பட்டது. அவ்வுணவை உண்டு வளர்ந்த தலைமுறை பெரியவர்களானபோது, காலையில் ரொட்டி உண்பது நகரக் குடும்பங்களில் இயல்பான வழக்கமாகியிருந்தது. ஆயினும் ரொட்டி கடையில் வாங்கும் பொருளாகவே இருந்தது. வீட்டில் சோறு சமைக்க மின்குக்கர் இருந்தது. ரொட்டிக்கு அப்படியொரு கருவி இல்லை.

பிசையும் வேலையும் அதற்கான கருவிகளும்

ரொட்டி செய்வதில் உடலை மிகவும் வருத்துவது பிசைதல். கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும் அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் இழுவைத் தன்மையுள்ள பொருளாகின்றன. மாவை இழுத்தும் மடித்தும் பிசையும்போது குளூட்டன் வலைபோல் பரவுகிறது. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு அந்த வலையில் சிக்கிக்கொள்வதால் மாவு உப்புகிறது. பிசைதல் போதாவிட்டால் வாயு வெளியேறி, ரொட்டி கல்லைப் போல் இறுகிவிடும்.

இவ்வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி மிகப் பழமையானது. ரோம் நகரில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூரிசாசெஸ் என்ற ரொட்டி வணிகரின் கல்லறைச் சிற்பங்களில், விலங்கைக் கொண்டு சுழற்றும் பிசையும் தொட்டி காட்டப்பட்டுள்ளது. 1894-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜோசப் லீ, மாவு பிசையும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஓட்டல் நடத்தியவர்.

வீடுகளுக்கான கருவிகளும் விரைவில் வந்தன. கனெக்டிகட் மாநிலத்தின் லாண்டர்ஸ், ஃப்ரேரி அண்டு கிளார்க் நிறுவனம் யுனிவர்சல் என்ற பெயரில் கையால் சுழற்றும் பிசையும் வாளியை விற்றது. 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. முதலில் நீர்மப் பொருள்களை ஊற்றிப் பிறகு மாவைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும் என்ற செய்முறை வாளியின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இன்றைய ரொட்டி இயந்திரங்கள் பலவற்றின் கையேடுகளிலும் இதே வரிசையைக் காணலாம். 1919-இல் கிச்சன்எய்டு மின்கலவைக் கருவி விற்பனைக்கு வந்தது. இவையெல்லாம் கையின் உழைப்பைக் குறைத்தன. ஆனால் எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் நொதிக்க விடுவது, எப்போது அடுப்பில் வைப்பது என்பவற்றை மனிதரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

வழி திறந்த பிற கண்டுபிடிப்புகள்

மூன்று வேலைகளையும் ஒரே கருவி செய்வதற்குப் பிற துறைகளின் முன்னேற்றம் தேவைப்பட்டது. முதலாவது, உலர்ந்த ஈஸ்ட். ஈரப்பதமுள்ள ஈஸ்ட் சில வாரங்களில் கெட்டுவிடும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினருக்காக ஃபிளைஷ்மன் நிறுவனம் குளிர்பதனம் இன்றிச் சேமிக்கத்தக்க உலர் ஈஸ்ட்டை உருவாக்கியது. வெந்நீரில் ஊறவைக்காமல் நேரடியாக மாவில் கலக்கத்தக்க விரைவு ஈஸ்ட் பின்னர் வந்தது.

இரண்டாவது, ஒட்டாத பூச்சு. டெஃப்லான் 1938-இல் டியூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் என்பவரால் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. பிசைந்த பாத்திரத்திலேயே சுட்டு, ரொட்டியைச் சிதையாமல் வெளியே எடுக்க இத்தகைய பூச்சு உதவியது. மூன்றாவது, நுண்செயலி. நேரத்தையும் வெப்பநிலையையும் கணக்கிட்டு மோட்டாரையும் சூடேற்றியையும் முறைப்படி இயக்கும் சிறிய மின்னணுச் சில்லு 1980-களில் வீட்டுக் கருவிகளில் பொருத்தும் அளவுக்கு மலிவாகியிருந்தது.

மட்சுஷிட்டாவின் முயற்சி

ஒசாகாவைத் தலைமையிடமாகக் கொண்ட மட்சுஷிட்டா மின்பொருள் நிறுவனம், இன்று பானசோனிக் என்று அழைக்கப்படுகிறது. வீட்டுக் கருவிகளின் விற்பனை தேங்கியதால், 1984-இல் அந்நிறுவனம் தன் மூன்று பிரிவுகளை ஒன்றாக்கியது. ஒன்று சோறு சமைக்கும் குக்கர்களையும், மற்றொன்று டோஸ்டர் போன்ற சூடேற்றும் கருவிகளையும், மூன்றாவது உணவு அரைக்கும், நறுக்கும் கருவிகளையும் செய்துவந்தன. மூன்று பிரிவினரும் சேர்ந்து செய்யத்தக்க புதிய பொருள் ஒன்று தேடப்பட்டது.

ரொட்டி இயந்திரம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. குக்கர் பிரிவிடம் கணினிவழிக் கட்டுப்பாடு இருந்தது. டோஸ்டர் பிரிவுக்குச் சூடேற்றிகள் பழக்கமானவை. அரைக்கும் கருவிப் பிரிவு மோட்டார்களில் தேர்ந்தது. மூன்றையும் சேர்த்து முதல் மாதிரி இயந்திரம் செய்யப்பட்டது. அதில் வந்த ரொட்டி வெளியே கருகியும் உள்ளே வேகாமலும் இருந்தது. பிசைதலில் குறை இருப்பது தெரிந்தது. ஆனால் நல்ல பிசைதல் எது என்பதை அளவுகளாகச் சொல்ல யாராலும் இயலவில்லை.

ஓட்டல் சமையலறையில் கற்ற பாடம்

குழுவில் மென்பொருள் உருவாக்கியவராகப் பணியாற்றிய இகுகோ தனாகா ஒரு வழியைக் கண்டார். ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் ரொட்டி அந்நகரில் பெயர்பெற்றது. அதன் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். பொறியாளர்களும் அங்குச் சென்று பிசைந்து பழகினர்.

தலைமைக் கலைஞரால் தம் திறமையைச் சொற்களில் விளக்க முடியவில்லை. பல ஆண்டுப் பழக்கம் கையில் இருந்ததே தவிர வாயில் இல்லை. பார்த்தும் செய்தும் பழகிய தனாகா ஒருநாள் ஒன்றைக் கவனித்தார். அவர் மாவை இழுப்பதோடு, இழுக்கும்போதே முறுக்கவும் செய்தார். முறுக்கி இழுத்தல் என்ற இந்தச் சொற்றொடரே பொறியாளர்களுக்குத் தேவையான குறிப்பாயிற்று. பாத்திரத்தின் உட்சுவரில் புடைத்த விளிம்புகள் அமைக்கப்பட்டன. துடுப்பு மாவைச் சுழற்றும்போது, அவ்விளிம்புகள் மாவைப் பிடித்து நிறுத்தின. ஒரு பக்கம் பிடிபட, மறுபக்கம் இழுபட, மாவு முறுக்கி இழுக்கப்பட்டது. துடுப்பின் வேகமும் பல சோதனைகளுக்குப் பிறகு வரையறுக்கப்பட்டது.

விலை குறைந்த விதம்

நல்ல ரொட்டி வந்த பிறகு எழுந்தது விலைச் சிக்கல். ஜப்பானின் குளிர்காலச் சமையலறையில் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கும், கோடையில் 35 பாகைக்கும் செல்லக்கூடும். பிசையும்போது ஏற்படும் உராய்வும் மாவைச் சூடாக்கும். வெப்பம் கூடினால் ஈஸ்ட் மிக விரைவாக நொதித்து, சுடும் முன்பே மாவு அளவுக்கு மீறி உப்பி அமுங்கிவிடும். இதைத் தடுக்கக் குளிரூட்டும் அமைப்பு ஒன்று இயந்திரத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அது விலையை மிகவும் உயர்த்தியது.

குளிரூட்டியை நீக்க வேண்டிய கட்டாயத்தில், ஈஸ்ட்டைத் தொடக்கத்திலேயே சேர்க்காமல் பிசைதல் ஓரளவு முடிந்த பிறகு சேர்க்கும் முறை கையாளப்பட்டது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதியில்லாத பழைய காலத்து ரொட்டி செய்பவர்களின் வழக்கம் அது. ஈஸ்ட்டைத் தனி அறையில் வைத்திருந்து உரிய நேரத்தில் விழச்செய்யும் சிறு அமைப்பு, விலைமிக்க குளிரூட்டியின் இடத்தைப் பிடித்தது. பழைய செய்முறையை அறிந்துகொண்டது புதிய உதிரிப்பாகம் ஒன்றைத் தேவையற்றதாக்கியது.

1987 பிப்ரவரியில் இவ்வியந்திரம் 36,000 யென் விலையில் ஜப்பானில் வெளியிடப்பட்டது. முதல் ஆண்டிலேயே 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. பிற ஜப்பானிய நிறுவனங்களும் இதே காலத்தில் இத்தகைய இயந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

அமெரிக்காவில் ஏற்றமும் இறக்கமும்

ஜப்பானில் வெளியான சில மாதங்களிலேயே ஏற்றுமதி தொடங்கியது. அமெரிக்காவில் தொடக்கத்தில் சில நூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்த இயந்திரம், பல நிறுவனங்களின் போட்டியாலும் பெருமளவு உற்பத்தியாலும் 1990-களின் பிற்பகுதியில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. திருமணப் பரிசாகவும் பண்டிகைப் பரிசாகவும் அது வீடுகளுக்குள் நுழைந்தது. ரொட்டி இயந்திரத்துக்கென்றே அளந்து கட்டிய மாவுப் பொட்டலங்களும் செய்முறை நூல்களும் வெளிவந்தன.

அதே வேகத்தில் ஆர்வமும் குறைந்தது. சில முறை பயன்படுத்தி அலமாரியில் வைக்கப்பட்ட இயந்திரங்கள், பழைய பொருள் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பண்டமாயின. அடியில் துடுப்பு ஏற்படுத்தும் துளை, நெட்டையான ரொட்டி வடிவம், ஒவ்வொரு முறையும் ஒரேபோல் வராத மாவு ஆகியவை அடிக்கடி சொல்லப்பட்ட குறைகள். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது நிலைமை மாறியது. பல நாடுகளில் கடைகளில் மாவும் ஈஸ்ட்டும் தீர்ந்துபோக, ரொட்டி இயந்திரங்களுக்கும் தேவை கூடியது.

அரிசிக்குத் திரும்பிய இயந்திரம்

2010-இல் சான்யோ நிறுவனம் ஜப்பானில் கோபான் என்ற இயந்திரத்தை வெளியிட்டது. சோறு என்று பொருள்படும் கோஹான் என்ற சொல்லும், ரொட்டியைக் குறிக்கும் பான் என்ற சொல்லும் சேர்ந்து அப்பெயர் அமைந்தது. இது அரிசியை ஊறவைத்து, அரைத்து, அந்த மாவிலேயே ரொட்டி சுட்டது. அரிசியில் குளூட்டன் இல்லை. அரைத்த அரிசிமாவு புளித்துப் பொங்கினாலும், வாயுவை நெடுநேரம் பிடித்துவைக்கும் வலை அதில் உருவாகாது. எனவே கோதுமையிலிருந்து எடுத்த குளூட்டனைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 50,000 யென் விலை இருந்தும், உற்பத்தியை மிஞ்சும் அளவுக்கு வாங்குவோர் வந்ததால், நிறுவனம் முன்பதிவைச் சில காலம் நிறுத்திவைத்தது.

கைத்திறன் இயந்திரத்துக்குள் சென்றதா?

மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நோனாகா, மட்சுஷிட்டாவின் கதையை 1991-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார். 1995-இல் ஹிரோடகா தகேயுச்சியுடன் சேர்ந்து எழுதிய நூலில் அதை விரிவாக்கினார். சொல்லப்படாமல் கையில் உறைந்திருக்கும் அறிவை உள்ளுறை அறிவு என்பர். இக்கருத்தை விளக்கியவர்களில் முதன்மையானவர் மைக்கேல் போலானி. ரொட்டிக் கலைஞரின் உள்ளுறை அறிவு சொல்லாகி, பின் இயந்திரமாயிற்று என்பதே நோனாகாவின் விளக்கம்.

2007-இல் ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஹாரி காலின்ஸ் ஆகிய இருவரும் இதை மறுத்து ஆய்வுக் கட்டுரை எழுதினர். ரொட்டி செய்யப் பயின்ற அனுபவத்தையும் அவர்கள் துணையாகக் கொண்டனர். கலைஞர் செய்தவற்றில் ஒரு பகுதியை மட்டுமே இயந்திரம் செய்கிறது என்பது அவர்கள் வாதம். மாவின் தரத்தையும் வானிலையையும் பார்த்து நீரைக் கூட்டுவதும் குறைப்பதும், வந்த ரொட்டி நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்வதும் இன்னும் மனிதரிடமே உள்ளன. ஆலைகள் ஒரே தரத்தில் அரைத்த மாவையும், ஒரே வீரியமுள்ள ஈஸ்ட்டையும் வழங்குவதால் மட்டுமே இயந்திரத்தின் ஒரே அசைவு ஒவ்வொரு நாளும் பலன் தருகிறது.

இந்த விவாதத்தில் முறுக்கி இழுத்தல் என்ற கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை. இயந்திரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதே தெளிவாகியது.

மலிவு இயந்திரமும் பயன்படுத்துபவரின் பங்கும்

அந்த எல்லையை மிகத் தெளிவாகக் காட்டுவது விலை குறைந்த இயந்திரமே. அதில் பெரும்பாலும் ஒரு மோட்டார், ஒரு துடுப்பு, பாத்திரத்தைச் சுற்றிய ஒரு சூடேற்றி ஆகியவை மட்டும் இருக்கும். ஈஸ்ட்டைத் தாமதமாகச் சேர்க்கும் அறையும், மூடியில் இரண்டாம் சூடேற்றியும் விலை உயர்ந்தவற்றிலேயே காணப்படும். மலிவு இயந்திரங்கள் பலவும் குறித்த நிமிடங்களைக் கணக்கிட்டு இயங்குபவை. மாவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவை அறியா.

ஆகவே 1987-இல் ஈஸ்ட் அறை செய்த வேலையைப் பயன்படுத்துபவரே செய்ய வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமான ஊர்களில் மட்சுஷிட்டா குழு எதிர்கொண்ட அதே சிக்கல் பெரும்பாலான மாதங்களில் எழும். குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவதும், ஈஸ்ட்டைச் சற்றுக் குறைப்பதும், தாமதத் தொடக்கம் வைத்தால் ஈஸ்ட் நீரில் படாமல் மாவின் மேல் சிறு குழியில் இடுவதும் அதற்கு எளிய தீர்வுகள்.

சுமார் 700 கிராம் ரொட்டிக்கு ஏறத்தாழ 400 கிராம் மாவு, 260 மில்லிலிட்டர் நீர், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒன்று முதல் ஒன்றரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், சிறிது சர்க்கரை, சிறிது எண்ணெய் அல்லது வெண்ணெய் போதும். கோப்பையால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பது நல்லது. அழுத்தி நிரப்பிய கோப்பைக்கும் தளர்வாக நிரப்பிய கோப்பைக்கும் உள்ள வேறுபாடே ரொட்டியைக் கெடுக்கப் போதுமானது. முழுக்கோதுமை மாவு மைதாவைவிடக் கூடுதல் நீரை உறிஞ்சும். அதில் ரொட்டி குறைவாகவே உப்பும்.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மாவு வழவழப்பான உருண்டையாகத் திரண்டு, பாத்திரச் சுவரை விட்டுப் பிரிந்து சுழன்றால் பதம் சரி. சுவரில் அப்பிக்கொண்டால் ஒரு கரண்டி மாவும், உதிரியாக இருந்தால் ஒரு கரண்டி நீரும் சேர்க்கலாம். சுடும் கட்டத்தில் மட்டும் மூடியைத் திறக்கக்கூடாது. வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் கொண்டுவருவோர் மின்னழுத்தத்தைப் பார்ப்பது கட்டாயம். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட் என்பதால், மாற்றி இல்லாமல் இணைத்தால் கருவி எரிந்துபோகும்.

மூடியைத் திறந்து மாவின் பதம் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில், ஒசாகா ஓட்டலின் சமையலறையில் இகுகோ தனாகா கற்க முயன்றதையே ஒருவர் தம் வீட்டில் கற்கத் தொடங்குகிறார். நான்கைந்து ரொட்டிகளுக்குப் பிறகு, கையேட்டைப் பார்க்காமலே எவ்வளவு நீர் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று கேட்டால் அவராலும் விளக்கிச் சொல்ல முடியாமல் போகலாம்.